ரவுட்டரை நீக்கி ஸ்பின்டில் பொருத்துதல்: வலுவா, செம்மையா?

விழா மலர்களிலே கல்வி, சமயம், விளையாட்டு ஆகியன பற்றிய கட்டுரைகள் இடம்பெறுதல் வழக்கம். அவற்றிடையே, மரமும் அலுமினியமும் செதுக்கும் ஒரு சிறு பொறியைப் பற்றி யாம் எழுதப் புகுவது சிலர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயின், சீ.என்.சீ. எனப்படும் கணினிவழிச் செதுக்குபொறி இந்நாளில் வீட்டுக் கொட்டிலிலும் பாடசாலைப் பட்டறையிலும் வைத்துப் பழகத்தக்க அளவுக்கு எளிமையடைந்துவிட்டது. அதனை வாங்கியோர் சிறிது காலத்துள் எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு. பொறியிற் பூட்டிய ரவுட்டரை நீக்கிவிட்டு ஸ்பின்டில் ஒன்றைப் பொருத்தலாமா என்பதே அது. விலைப்பட்டியலையும் வலுவின் அளவையும் மட்டும் நோக்கி இதற்கு விடை கூறுவோர் பலர். அவ்விடை போதாது என்பது எமது துணிபு.

இலக்கங்களால் ஆளப்படும் வெட்டுபொறி 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டது. அன்று பெரும் மின்கருவித் தொகுதி ஒன்று ஆற்றிய பணியை இன்று உள்ளங்கையளவான ஆர்டுயினோப் பலகையும், 2009இல் தோன்றிய ஜி.ஆர்.பி.எல். என்னும் இலவச நிரலும் ஆற்றுகின்றன. பொறியை ஆளும் மூளை இவ்வாறு மலிந்துவிட்டது. வெட்டும் கை மட்டும் தச்சரிடம் இரவல் வாங்கியதாகவே இருக்கின்றது.

அவ்விரவற் கைதான் ரவுட்டர். பலகையின் விளிம்பை மழிப்பதற்குத் தச்சர் ஒரு கையாற் பிடித்து இயக்கும் கருவி அது. மகிட்டா நிறுவனத்தாரின் சிறு ரவுட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் உடலின் விட்டம் 65 மில்லிமீற்றர். நிறை ஏறக்குறைய 2 கிலோகிராம். நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 தடவை வரை சுழல வல்லது. வீட்டுச் செருகியிற் செருகியதும் ஓடும். பழுதுற்றாற் கருவிக் கடையில் வேறொன்று வாங்கிக் கொள்ளலாம். புதிதாகக் கற்பவனுக்கு இதனிலும் எளிய துணை வாய்ப்பதரிது. எனவே ரவுட்டரை இகழ்வாருடன் யாம் உடன்படோம்.

எனினும், கையாற் பிடித்துச் சில நிமிடம் இயக்கும் கருவியைப் பொறியிற் பூட்டி மணிக்கணக்காக ஓடவிடும்போது அதன் குறைகள் வெளிப்படுகின்றன. காபன் தூரிகைகள் தேய்கின்றன. வேகத்தைக் கையாற் சில்லுத் திருகியே மாற்றவேண்டும். 10,000 சுழற்சிக்குக் கீழே இறங்கவும் இயலாது. உள்ளிருக்கும் விசிறி மரத்தூளை நாற்புறமும் வீசுகின்றது. ஓசையோ பெரிது. எட்டு மணித்தியாலத்துக்கு 85 டெசிபெல் என்பது செவிக்குரிய எல்லையாகக் கொள்ளப்படுகின்றது; பலகையை வெட்டும் ரவுட்டர் அதனை எளிதிற் கடந்துவிடும். மாணவர் பலர் கூடிநிற்கும் பட்டறையில் இது சிறு குறையன்று.

ஸ்பின்டில் என்னும் சொல் நூல் நூற்போரின் கதிரைக் குறிப்பது. பொறிகளிலோ வெட்டலகைப் பற்றிச் சுழற்றும் தண்டையும் அதனை இயக்கும் மோட்டரையும் சேர்த்துக் குறிக்கின்றது. வீட்டுப் பொறிகளுக்கு வரும் ஸ்பின்டிலிற் பெரும்பாலும் இருப்பது மூவவத்தைத் தூண்டல் மோட்டர். அதில் தேயும் தூரிகை இல்லை. அச்சின் நெடுக்கிலும் பக்கத்திலும் வரும் விசைகளைத் தாங்கும் குண்டுப் போதிகைகள் உண்டு. நீராற் குளிர்த்தப்படும் வகையில் விசிறியும் இல்லையாதலால், வெட்டும் ஓசையன்றி மோட்டரின் இரைச்சல் மிகக் குறைவு. இதன் வேகத்தைக் கணிப்பதும் எளிது. மின்னோட்டத்தின் மீடிறனை 120ஆற் பெருக்கி, முனைவுகளின் தொகையால் வகுத்தால் நிமிடச் சுழற்சி கிடைக்கும். இருமுனைவு மோட்டருக்கு 400 ஹேர்ட்ஸ் கொடுத்தால் 24,000 என விடை வரும். மெய்யான வேகம் இதனிற் சிறிது குறைந்திருக்கும்.

ஆனால் எமது வீடுகளுக்கு வருவது 230 உவோல்ற்று, 50 ஹேர்ட்ஸ், தனி அவத்தை மின்சாரம். அதனை மூவவத்தையாக்கி மீடிறனையும் உயர்த்த வீ.எப்.டீ. எனப்படும் மீடிறன் மாற்றி வேண்டும். ஆகவே ஸ்பின்டில் வாங்குபவர் அதனோடு மாற்றி, கவசமிட்ட கம்பி, நீர்ப்பம்பி, நல்ல புவித்தொடுப்பு ஆகிய யாவற்றையும் தேடவேண்டியவராகின்றார்.

இனி, வலுவைப் பற்றிய மயக்கத்தை நோக்குவோம். 2.2 கிலோவாற்று என்னும் எண்ணைக் கண்டதும் பலர் மனம் மகிழ்கின்றனர். அவ்வகை ஸ்பின்டில் ரவுட்டரிலும் இருமடங்குக்கு மேலான நிறையுடையது. நாடாவால் இழுக்கப்படும் மெலிந்த பொறி அச்சுமையைத் தாங்காது. குறுக்குச் சட்டம் நெளியும். மேலுங்கீழும் நகர்த்தும் மோட்டர் தன் படியைத் தவறவிடும். முன்பு இருந்த அதிர்வு சட்டத்தின் தளர்வால் வந்ததாயின் அது நீங்காது, மிகும். அன்றியும், சுழற்சி பாதியானால் இம்மோட்டரின் வலுவும் ஏறத்தாழப் பாதியாகும். முழுச் சுமையிலோ அது இழுக்கும் மின்னோட்டம் 13 அம்பியர்ச் செருகியின் எல்லையைக் கடக்கக் கூடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். இரு வெட்டுவாய் உள்ள அலகு 18,000 சுழற்சியில் ஓடி, வாய் ஒன்றுக்கு 0.05 மில்லிமீற்றர் சீவல் எடுப்பதாயின், பொறி நிமிடத்துக்கு 1,800 மில்லிமீற்றர் நகரவேண்டும். இதற்கு ரவுட்டரின் வலுவே பெரும்பாலும் போதும். ஆகவே ஸ்பின்டிலை நாடுவோர் வேண்டவேண்டியது செம்மையும் அமைதியுமே. பழைய பிடியிலேயே பொருந்தும் 65 மில்லிமீற்றர் விட்டமுடைய 0.8 கிலோவாற்று ஸ்பின்டில் பலருக்குத் தகும் என்பது எமது கருத்து.

இவற்றினும் பெரிதாக யாம் வற்புறுத்த விரும்புவது உயிர்ப் பாதுகாப்பையே. ரவுட்டரின் மின்காப்பை அதனைச் செய்த நிறுவனத்தார் முன்னரே அமைத்துத் தந்துவிட்டனர். ஸ்பின்டிலுக்கு அப்பொறுப்பு பொருத்துபவர் தலையில் வீழ்கின்றது. மலிவான ஸ்பின்டில்கள் சிலவற்றில் நான்காவது முள் இருக்கும்; அது உலோக உடலோடு இணைக்கப்பட்டிராது. அளவுமானியால் தடையைச் சோதித்து, இல்லையெனின் உடலைப் புவித்தொடுப்புச் செய்தல் இன்றியமையாதது. மாற்றி 50 ஹேர்ட்ஸ் அமைப்போடு வந்திருந்தால், 400 ஹேர்ட்ஸுக்கென்று செய்த மோட்டரின் சுருள் கருகிவிடும். மின்னை நிறுத்திய பின்னரும் மாற்றியின் கொள்ளளவிகளில் 300 உவோல்ற்றுக்கு மேற்பட்ட நேரோட்ட அழுத்தம் சில நிமிடம் தங்கியிருக்கும்.

இன்னொரு தீங்கும் உண்டு. மாற்றியிலிருந்து புவிக்கம்பிவழிச் சிறு மின்னோட்டம் கசிவது இயல்பு. அதனால் 30 மில்லியம்பியரில் விழும் வீட்டு றிப் சுவிச்சு அடிக்கடி விழக்கூடும். அப்போது புவிக்கம்பியைக் கழற்றிவிட்டால் வேலை நடக்குமே என்று சிலர் எண்ணுவர். வேலை நடக்கவும் நடக்கும். நீர் ஓடும் உலோக உடலொன்று, காப்பிழந்த நாளில் அதனைத் தொடும் மாணவனின் கைவழியே நிலத்தைத் தேடும். இதனை எக்காரணம் பற்றியும் செய்யலாகாது. மின்வல்லார் ஒருவரை அழைத்து, மாற்றிக்கு ஏற்ற காப்புச் சுவிச்சும் வடிப்பானும் அமைப்பித்தலே நெறி.

மேலும், ரவுட்டர் மனிதன் சுவிச்சைத் தட்டினாலன்றிச் சுழலாது. ஸ்பின்டிலோ நிரலில் உள்ள எம் 3 என்னும் கட்டளை கண்டவுடன் தானே சுழலத் தொடங்கும். ஆகையால் அலகு மாற்றுமுன் மாற்றியின் மின்னைத் துண்டித்தல் பழக்கமாக வேண்டும். அவசர நிறுத்தி கைக்கெட்டிய தூரத்தில் இருத்தல் வேண்டும்.

இவ்வளவு இடருடையதை ஏன் நாடவேண்டும், ரவுட்டரோடு அமைந்திருக்கலாமே எனின், வாரத்தில் ஒரு மணித்தியாலம் பலகை வெட்டுவோர்க்கு அதுவே தகும். நாள்தோறும் நெடுநேரம் ஓட்டுவோரும், நுண்ணிய அலகால் அலுமினியம் செதுக்குவோரும், பலர் கூடும் இடத்தில் வேலை செய்வோரும் ஸ்பின்டிலால் மெய்யான பயன் பெறுவர். ஆயின் முறை தவறலாகாது. முதலிற் சட்டத்தை உறுதிசெய்க. அடுத்து மின்னமைப்பைச் சீர்செய்க. ஸ்பின்டில் அதன் பின்னரே வருக.

விழாக் காலங்களிற் கல்லூரிப் பட்டறைக்குக் கருவி வழங்க விரும்பும் அன்பர்களுக்கும் ஒரு சொல். பெட்டியிலிட்ட ஸ்பின்டிலை மட்டும் அனுப்பிவிட்டு அமையாதீர். அதனைப் பொருத்தும் மின்வல்லாரின் கூலியையும், புவித்தொடுப்புக்கும் காப்புச் சுவிச்சுக்கும் வேண்டும் பணத்தையும், ஆசிரியர் ஒருவர் அதனைப் பயிலுதற்கு வேண்டும் காலத்தையும் நன்கொடையுட் சேர்த்து எண்ணுக. மாணவர்காள், நீவிரும் ஸ்பின்டிலின் வலு எவ்வளவு என்று வினவுமுன், புவிக்கம்பி எங்கே இணைக்கப்பட்டுள்ளது என்று வினவப் பழகுவீராக.