ரெண்டு மிஷின் அறுத்தா ஒரு நிலையம் நிறைஞ்சிரும்

என் மச்சினன் ஒரகடத்துல ஒரு கார் கம்பெனியில லைன் சூப்பர்வைசர். தீபாவளிக்கு வந்தவன், ரோட்டுல நெல்லு காயுறதைப் பார்த்துட்டு, "அத்தான், உங்க ஆளுகளுக்குப் பிளானிங்கே கிடையாது. எல்லாரும் ஒரே நேரத்துல அறுத்து ஒரே இடத்துல கொண்டுபோய்க் கொட்டுனா எப்படி?"ன்னான். பட்டணத்துல இருக்கிற உங்கள்ல பாதிப் பேர் நினைப்பும் இதுதான். அதனால அவனுக்குச் சொன்ன பதிலை இங்கயும் எழுதுறேன்.

"உங்க கம்பெனியில எப்படி மாப்ள கணக்குப் போடுவீங்க?"ன்னு கேட்டேன். லைன்ல எந்த இடம் ரொம்ப மெதுவோ, அதுதான் ஒரு நாளைக்கு எத்தனை கார் வெளிய வரும்னு முடிவு பண்ணும். மத்த இடத்துல வேகத்தைக் கூட்டுனா அதுக்கு முன்னால சாமான் குவியுமே தவிர, ஒரு கார் கூட வராதுன்னான்.

சரி, எங்க லைனைப் பார்ப்போம்.

அந்தக் காலத்துல ஆள் வச்சு அறுத்து, களத்துல அடிச்சு, தூத்தி எடுக்க ஒரு மாசம் இழுக்கும். இப்ப அறுவடை மிஷின் ஒரு நாளைக்கு எட்டு ஏக்கர் சாதாரணமா அறுக்குது. ஏக்கருக்கு சுமாரா 60 மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ. ரெண்டு மிஷின்னா 960 மூட்டை. கொள்முதல் நிலையத்துல ஒரு நாளைக்கு எடுக்கிறது 800, மிஞ்சினா 1,000 மூட்டை. ரெண்டே மிஷின்ல நிலையம் நிறைஞ்சு போச்சு. அறுப்பு சமயத்துல எங்க சுத்துவட்டாரத்துல ரெண்டு மிஷினா ஓடுது?

தள்ளித் தள்ளி அறுக்கலாமேம்பீங்க. அடவிநயினார் அணையைத் திறந்தாத்தான் நாங்க நாத்துப் பாவ முடியும். ஒரே தண்ணி, ஒரே சமயத்துல நடவு. முத்துன கதிர் காத்திருக்காது, வந்த மிஷினை விட்டா அடுத்து எப்ப வருமோ தெரியாது.

ஆனா அணை திறக்கிற தேதியை அறிவிக்கிறது அரசாங்கம். எத்தனை ஏக்கர் நட்டிருக்குன்னு கிராம நிர்வாக அலுவலர் அடங்கல்ல எழுதுறார். பயிரோட வயசும் தெரிஞ்சதுதான். அறுப்பு எப்ப, எவ்வளவுன்னு மூணு மாசத்துக்கு முன்னாலயே சொல்லிரலாம். எந்தக் கார் கம்பெனிக்கு இப்படி முன்கூட்டியே கணக்குக் கிடைக்கும்?

அடுத்தது லாரி. 1,000 மூட்டைன்னா 40 டன். தினமும் எடுத்த 40 டன்னும் குடோனுக்குப் போயாகணும். ரெண்டு நாள் லாரி வரலைன்னா இடம் நிறைஞ்சிரும், எடை போடுறது நின்னுரும். அப்ப புதுசா இன்னொரு நிலையம் திறந்தா என்ன நடக்கும்? அதே லாரி, அதே குடோன். ஒரு வரிசை ரெண்டு வரிசையாகும், அவ்வளவுதான்.

ஒரு கார் அறுப்புல நான் ஒன்பது நாள் காத்துக் கிடந்தேன். கொண்டுபோன அன்னைக்கு ஈரப்பதம் 16. அஞ்சாம் நாள் ராத்திரி மழை. தார்ப்பாய் போட்டும் 19 ஆயிருச்சு. 17-க்கு மேல எடுக்க முடியாதுன்னுட்டாங்க. வியாபாரிக்குக் குவிண்டாலுக்கு 500 ரூபாய் குறைச்சுக் கொடுத்துட்டு வந்தேன்.

2025 அக்டோபர்ல டெல்டாவுல நெல்லு மூட்டையிலயே முளைச்சதை டிவியில பார்த்திருப்பீங்க. 22 சதவீதம் வரை ஈரத்துக்கு அனுமதி கேட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துட்டுப் போச்சு. 2022-லயும் இப்படித்தான் 19 வரைக்கும் தளர்த்தினாங்க. மிஷின்ல அறுத்த நெல்லு ஈரமாத்தான் வரும், மறுக்கலை. அதுக்குக் காயப்போடக் களம் வேணும், உலர்த்துற மிஷின் வேணும். அது இல்லாமத்தான் மாப்ள ரோட்டுல கிடக்கு. ஆனா காஞ்ச நெல்லை வரிசையில நனைய விட்டுட்டு, அப்புறம் ஈரத்துக்குச் சலுகை கொடுக்கிறதுக்குப் பேரு பிளானிங்கா?

நாங்க கேக்கிறது பெருசா ஒண்ணுமில்லை. நடவுக் கணக்கைப் பார்த்து லாரியும் சாக்கும் குடோன் இடமும் முன்னாலயே ஒதுக்கணும். லாரிக் கணக்குக்குத் தக்கன டோக்கன்ல தேதி போடணும். நிலையத்துக்கு ஒரு காயப்போடுற களம்.

மச்சினன் கொஞ்ச நேரம் பேசலை. பிறகு, "அத்தான், இந்த லைனுக்கு யாரு சூப்பர்வைசர்?"ன்னான்.

அதைத்தான் நானும் கேக்கேன். அடுத்த தடவை டிவியில நெல்லு மூட்டை நனையுறதைக் காட்டுனா, விவசாயியைப் பார்த்து உச்சுக் கொட்டாதீங்க. பக்கத்துல எத்தனை லாரி நிக்குதுன்னு எண்ணிப் பாருங்க.