பிழையோடுதான் அழகு

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயப் பாடகர் குழு 1963 மார்ச்சில் பதிவுசெய்த அல்லெக்ரியின் 'மிசெரேரே'யை இன்றும் பலர் தேடிக் கேட்கிறார்கள். நடத்தியவர் டேவிட் வில்காக்ஸ். தனிக்குரல், 12 வயது ராய் குட்மேன். மற்றவர்கள் கீழே மெதுவாக நகர, பையன் மட்டும் சட்டென்று மேல்ஸ்தாயிக்கு ஏறி 'டாப் சி'யைத் தொட்டுவிட்டு, அலட்டிக்கொள்ளாமல் இறங்கி வருகிறான். வேடிக்கை என்னவென்றால், அந்த உச்ச ஸ்வரம் அல்லெக்ரி எழுதியதே இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் வத்திக்கானின் சிஸ்டைன் ஆலயத்துக்காக அவர் அமைத்தது எளிய இசை. பாடகர்கள் தங்கள் மரபுப்படி அதை அணிசெய்து பாடினார்கள். பிற்காலத்தில் வெவ்வேறு பிரதிகளை ஒட்டுப்போட்டதில் ஒரு பகுதி சுருதி மாறி மேலே போய் உட்கார்ந்துகொண்டது. சுத்தப் பதிப்பு வேண்டும் என்று ஆய்வாளர்கள் வாதாடுவதில் நியாயம் உண்டு. எனக்கென்னவோ பிழையோடுதான் பிடிக்கிறது. லத்தீனை விட்டு ஆங்கிலத்தில் பாடியிருக்கிறார்களே என்பார்கள். அந்த உயரமான கல் விதானத்தின் எதிரொலியில் மெய்யெழுத்துகள் பாதி கரைந்துபோகின்றன. எந்த மொழியாக இருந்தால் என்ன! இந்தக் குழுவின் புகழில் கட்டடத்துக்கும் ஒரு பங்கு தர வேண்டும். அதற்காக எல்லாவற்றுக்கும் கிங்ஸ் என்று நான் சொல்ல மாட்டேன். அதே ஊரில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிப் பையன்களை ஜார்ஜ் கெஸ்ட் பழக்கிய விதம் வேறு: அழுத்தமான, கொஞ்சம் கரகரப்பான குரல்கள். ஸ்பானிய இசையமைப்பாளர் விக்டோரியாவின் 'ரெக்வியம்' என்றால் எனக்கு அவர்கள்தான்.