இன்ஸ்டலேஷன் சார்ஜ்: வேலைக்கா, நம்ம பயத்துக்கா?

பிராட்பேண்ட் இணைப்பு கேட்டால் மாதக் கட்டணம் போக "இன்ஸ்டலேஷன் சார்ஜ்" என்று தனியாக ஒரு தொகை சொல்வார்கள். ஆளைப் பார்த்து அது ஏறும், இறங்கும். அதில் எவ்வளவு வேலைக்குக் கூலி, எவ்வளவு நம்ம பயத்துக்குக் கூலி என்று யோசித்திருக்கிறீர்களா?

முதலில் கொஞ்சம் பழைய கதை. 2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டது. 256 கேபிபிஎஸ் வந்தாலே அது பிராட்பேண்ட் (சிரிக்காதீங்க!). 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்தது. போன் வரும் அதே செம்புக் கம்பியில் நெட்டும் வந்தது. பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். நெட் அதற்கு மேலே போகும். இரண்டையும் பிரிக்க ஒரு குட்டி ஸ்ப்ளிட்டர் டப்பா. மோடத்தை மாட்டி, பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்து, விபிஐ 0, விசிஐ 35, அப்புறம் யூசர்நேம், பாஸ்வேர்ட். அவ்வளவுதான் மேட்டர். இதற்கே ஆள் கூப்பிட்டுக் காசு கொடுத்த வீடுகள் உண்டு.

இப்போது ஃபைபர் காலம். இதில் "எல்லாம் நானே செய்வேன்" என்பது நடக்காது. ஃபைபரை ஒட்ட ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, முனையை உற்றுப் பார்ப்பது ஆபத்து. ஒரே ஃபைபரின் ஒளியை 32, 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதனால் நம் வீட்டுப் பெட்டி எது என்பதை அவர்கள் பக்கம் பதிந்தால்தான் நெட் வரும். கம்பம் ஏறுவது, ஒட்டுவது, பதிவது, இதற்கெல்லாம் கூலி நியாயமான கூலி. பேரம் பேசாதீர்கள்.

ஆனால் வாசல்படி தாண்டி உள்ளே வந்தால் அது நம்ம வேலை. என்னென்ன?

1. பெட்டிக்கு இடம் பார்ப்பது. நடு வீட்டில், கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வேண்டாம். ஃபைபரை ஆணியில் சுற்றி மடக்கவும் கூடாது, மடங்கின இடத்தில் ஒளி கசியும்.

2. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் வைப்பது. வீட்டு போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அன்றைக்கே மாற்றுங்கள்.

3. 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்து வீட்டு வைஃபை இடித்தால் சேனலை 1, 6, 11 என்று மாற்றிப் பார்ப்பது. மாடிக்கு இன்னொரு ரூட்டர் வேண்டுமானால் லேன் கேபிள் இழுப்பது.

4. இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டைக் கேட்டு நோட்டில் எழுதுவது. வந்தவரிடம் ஒளி அளவையும் கேளுங்கள். சாதாரணமாக அது மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் நடுவே இருக்கணும். பின்னால் நெட் திணறினால் ஒப்பிட உதவும்.

இதில் மிச்சமாகிற காசு பெரிசில்லை. எனக்குப் பெரிசாகத் தெரிவது வேறு.

நம்ம காரைக்கால் கடலோர ஊர். ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழை, காற்று, புயல் பயம். 2018 நவம்பரில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்த கஜாவை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த மாதிரி நாளில் லைன் பார்க்கிற ஒரே ஆள் எத்தனை தெருவுக்கு ஓடுவார்? "வைஃபை பாஸ்வேர்ட் மறந்துபோச்சு, வந்து பாருங்கண்ணே" என்று நாமும் போன் போட்டால், கேபிள் அறுந்து கிடக்கிற வீட்டுக்கு அவர் போவது அரை நாள் தள்ளிப்போகும். அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு அன்றைக்குத்தான் அட்மிஷன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளாக இருக்கலாம்.

ஆகவே ஒரு சின்ன விதி. பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை, அது அவர் வேலை. பான் விளக்கு பச்சையாக நிலைத்து நின்றால் ஒளி வருகிறது என்று அர்த்தம். கோளாறை முதலில் வீட்டுக்குள் தேடுங்கள், அப்புறம் போன் போடுங்கள்.

"அப்பா அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதே" என்பீர்கள். படிக்கிற பிள்ளைகள் நாம் எதற்கு இருக்கிறோம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். நாம் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் வீட்டில் நெட் ஓடணும் இல்லையா? :)