ஏட்டுச் சுரைக்காய்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. நூலில் மட்டும் கண்டறிந்த அறிவு வாழ்க்கைக்குப் பயன்படாது என்பது இதன் கருத்து. வகுப்பறையில் இப்பழமொழியை நான் பன்முறை விளக்கியிருக்கிறேன். அவ்வாறு விளக்கிய நானே ஏட்டுச் சுரைக்காய் ஒன்றை நெடுங்காலம் சுமந்து வந்தேன் என்பதை முதுமையிலேதான் உணர்ந்தேன். அவ்வரலாற்றை உங்களுக்குச் சொல்லுதல் என் கடன் எனக் கருதுகிறேன்.

மாணவர்களே, நான் 34 ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாகப் பணியாற்றினேன். தமிழின் சொல்வளத்தைப் பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் பெருமிதத்தோடு நடத்துவேன். 'இளஞ்செடிக்குத் தமிழில் எத்தனை பெயர்கள், பாருங்கள்! கத்தரிக்கு நாற்று, வாழைக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி. பிஞ்சு என்பது பொதுப்பெயர். மாம்பிஞ்சு வடு எனப்படும், பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னையின் பிஞ்சு குரும்பை. பூவோடு கூடிய இளம்பிஞ்சிற்குப் பூம்பிஞ்சு என்று பெயர்' என அடுக்கிச் சொல்லுவேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், தேர்விலும் பிழையின்றி எழுதுவார்கள்.

ஒரு நாள் மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஐயா, பூ உதிர்ந்த பின்னரன்றோ பிஞ்சு தோன்றும்? பூவும் பிஞ்சும் ஒருசேர இருப்பது எவ்வாறு?" என்று வினவினான். வினா நல்ல வினாவே. ஆனால் எனக்கு விடை தெரியவில்லை. "அகராதியில் அவ்வாறுதான் உள்ளது, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். அப்பொழுது அவன் முகத்தில் தோன்றிய வாட்டம் இன்றும் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

ஓய்வு பெற்ற பின்னர், வீட்டின் பின்புறத்திலிருந்த சிறு நிலத்தில் தோட்டம் இட முற்பட்டேன். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை அறிவேனாதலின் ஆடித் திங்களிலேயே தொடங்கினேன். நான் செய்த முதற்பிழை பேராசை. கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, அவரை, பாகல், புடல், சுரை என எட்டு வகை விதைகளை ஒரே நாளில் ஊன்றினேன். இரண்டாவது பிழை அன்பின் மிகுதி. பச்சைச் சாணத்தைக் கொணர்ந்து செடிகளின் அடியில் குவித்தேன். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் நீர் ஊற்றினேன். மூன்று வாரத்திற்குள் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. வெண்டையை ஆடு மேய்ந்தது. பாகலும் புடலும் மதிலின் நிழலில் வெளிறி மாய்ந்தன. எஞ்சியவை அவரையும் சுரையுமே.

எங்கள் தெருவில் நாள்தோறும் கீரை விற்று வரும் மூதாட்டியார் ஒருவர் உண்டு. தாம் விற்கும் கீரையைத் தாமே பயிரிடுபவர், எழுத்தறியாதவர். அவர் என் தோட்டத்தின் நிலையைக் கண்டு, "ஐயா, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னே மண்ணைத் தொட்டுப் பார்த்தீர்களா?" என்றார். இல்லை என்றேன். "விரலை ஒரு கணு அளவு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் தண்ணீர் வேண்டா. வேரும் மூச்சு விட வேண்டுமல்லவா? சாணமும் மக்கி மண்போல் ஆன பிறகுதான் எருவாகும்; பச்சையாக இட்டால் வேரைச் சுட்டுவிடும்" என்று கூறினார்.

புல்லும் மரமும் தொட்டறியும் அறிவு ஒன்றே உடைய ஓரறிவுயிர்கள் என்பது தொல்காப்பிய மரபியலில் காணப்படும் செய்தி. அதனை நான் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். ஆயினும், தொட்டறிந்தே செடியைப் பேண வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தவர் அம்மூதாட்டியாரே.

சுரைக்கொடி பந்தலேறிப் படர்ந்தது. ஆவணி இறுதியில் மாலைதோறும் வெண்ணிற மலர்கள் விரிந்தன. நான் பெருமகிழ்ச்சி அடைந்தேன். ஆனால் விரிந்த பூக்கள் யாவும் மறுநாள் வாடி உதிர்ந்தன. பத்து நாளாகியும் ஒரு பிஞ்சு கூடத் தோன்றவில்லை. கொடியை வேரோடு பிடுங்கிவிடவும் துணிந்தேன். "பொறுங்கள் ஐயா! இவையெல்லாம் ஆண் பூக்கள். காம்பு நீண்டு மெலிந்திருப்பதைப் பாருங்கள். முதலில் இவையே பூக்கும், உதிரும். பெண் பூ பின்னால் வரும்" என்று மூதாட்டியார் தடுத்தார்.

புரட்டாசியில் ஒரு மாலைப்பொழுதில் அந்தப் பெண் பூவைக் கண்டேன். மேலே வெள்ளிய இதழ்கள். அவற்றின் கீழே பெருவிரல் அளவில், மென்மயிர் போர்த்த சிறு சுரைக்காய். பூவும் பிஞ்சும் ஒருசேர என் கண்முன் நின்றன. அதுதான் பூம்பிஞ்சு! 34 ஆண்டுகள் நான் வாயாற் சொல்லி வந்த சொல்லின் பொருளை அன்றுதான் கண்ணாற் கண்டேன். மகிழ்ச்சியும் நாணமும் ஒருங்கே என்னைப் பற்றின. சுரை, பூசணி, பீர்க்கு, புடல், பாகல், வெள்ளரி ஆகிய ஓரினக் கொடிகள் அனைத்திலும் பெண் பூவின் சூற்பை இதழ்களுக்குக் கீழே அமைந்துள்ளது. அதனால் பூ மலரும்போதே பிஞ்சின் வடிவம் புறத்தே தோன்றுகிறது. அம்மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.

பிஞ்சைக் கண்டதோடு என் கல்வி முடிந்துவிடவில்லை. முதலிற் தோன்றிய இரண்டு பிஞ்சுகள் பழுத்து விழுந்தன. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவைச் சென்று சேராவிடின் பிஞ்சு நில்லாது. வண்டும் விட்டிலும் வாராத இடத்தில் நாமே அப்பணியைச் செய்யலாம். அந்திப் பொழுதில் புதிதாக விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் நடுப்பகுதியைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவினேன். மூன்றாவது பிஞ்சு நின்றது. இரண்டு வாரத்தில், நகம் பட்டால் எளிதில் இறங்கும் இளம்பருவத்தில் அதனைப் பறித்தோம். அன்று கறிக்கு உதவிய சுரைக்காய் ஏட்டுச் சுரைக்காய் அன்று.

அவரைக்கொடியோ கார்த்திகை வரை இலையும் தண்டுமாகவே இருந்தது. நான் ஐயுறவில்லை, அதன் இயல்பைக் கேட்டறிந்திருந்தேன். நம் நாட்டு அவரை பகற்பொழுது குறுகும் காலத்திலேயே பூக்கும். மார்கழியிலும் தையிலும் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. காலம் வருமுன் எவ்வளவு எரு இட்டாலும் அதனைப் பூக்கச் செய்தல் இயலாது.

புதிதாகத் தோட்டம் இட விரும்பும் உங்களுக்கு என் பிழைகளிலிருந்து சில கூறுவேன். முதலாவது, நாள்தோறும் ஐந்து, ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, ஒன்று அல்லது இரண்டு பயிர்களோடு தொடங்குங்கள். முளைக்கீரை தொடக்கத்திற்கு மிக ஏற்றது. அதன் விதை மிகச் சிறியதாதலின் மணலோடு கலந்து தூவுங்கள். பூவாளியால் மெல்ல நீர் தெளியுங்கள். ஏறத்தாழ 25 நாளில் கீரையைப் பறிக்கலாம். அடுத்து வெண்டை ஊன்றுங்கள்; அது சுமார் 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிடின் காய் முற்றி நாரேறிவிடும். பழமரம் வேண்டுவோர் பப்பாளியை நடலாம். ஓராண்டிற்குள் பழம் தரும். பப்பாளியில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியே இருக்கும் வகைகள் உண்டு. பூக்கும் வரை இன்னதென அறிய இயலாதாதலின், ஒரு குழியில் மூன்று கன்றுகள் நட்டுப் பூத்த பின்னர் வேண்டாதவற்றை நீக்குவர். மூன்றாவது, நாள்தோறும் சென்று பாருங்கள். தன்னைச் சென்று காணாத உரியவனோடு நிலம் பிணங்கும் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்தில் கூறியுள்ளார். அவரைக் கொழுந்தில் அசுவினி மொய்த்தலும், கத்தரியின் நுனித்தண்டு புழு துளைத்து வாடுதலும் அன்றன்றே காண்பவன் கண்ணுக்கே புலப்படும். அன்றே கண்டால் வாடிய நுனியைக் கிள்ளி அழித்துவிடலாம்.

'எங்களுக்கு நிலம் இல்லையே' எனச் சிலர் கூறலாம். இன்று நகரங்களில் அடுக்குமாடிகளில் வாழ்வோர் பலர். அவர்கள் கூறுவது உண்மையே. ஆயினும் வெயில் படும் பலகணியில் ஓர் அகன்ற தொட்டி வைத்தால் கீரை வளரும். ஒரு சாடியில் மிளகாய்ச் செடி வளரும். தொட்டியின் அடியில் துளை இருத்தல் வேண்டும். மாடியில் வைப்போர் பாரத்தையும் நீர்க்கசிவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

'சந்தையில் மலிவாகக் கிடைப்பதற்கு ஏன் இத்தனை பாடு?' என்று வினவுவோரும் உளர். முதலாண்டில் என் பந்தலில் விளைந்த சுரைக்காய்கள் ஏழே. அவற்றிற்குச் செலவிட்ட பணத்தில் எழுபது காய்கள் வாங்கியிருக்கலாம் என வீட்டார் நகைத்தனர். அதனை நான் மறுக்கவில்லை. வீட்டுத் தோட்டத்தால் பணம் மிகும் என்று கூறித் தொடங்குவோர் விரைவில் சலிப்படைவர். அதனால் விளையும் ஊதியம் வேறு, அஃது அறிவு.

தமிழில் செடிகொடிகளுக்கு இத்துணைச் சொற்கள் வந்தது எவ்வாறு? புலவர்கள் அறையில் அமர்ந்து அவற்றை ஆக்கினார்களா? இல்லை. ஆண்டு முழுதும் பயிரோடு வாழ்ந்து, அதன் ஒவ்வொரு பருவத்தையும் உற்று நோக்கிய உழவரும் தோட்டக்காரரும் ஆக்கியவை அச்சொற்கள். மிளகாய் என்னும் சொல்லையே பாருங்கள். அச்செடி அமெரிக்கக் கண்டத்திற்கு உரியது. போர்த்துக்கேசியர் வாயிலாக 16ஆம் நூற்றாண்டில் இந்நாட்டிற்கு வந்தது. முன்பின் அறியாத அக்காயைச் சுவைத்துப் பார்த்த நம் முன்னோர், மிளகு போலக் காரமுடைய காய் எனக் கண்டு மிளகாய் என வழங்கினர். பொருளை அறிந்தவர் வாயில் சொல் தானே பிறந்தது. பொருளைக் காணாதவர் வாயிலோ இருக்கும் சொல்லும் தேய்ந்து போகும். கச்சலையும் மூசையும் கண்டறியாத தலைமுறைக்கு அப்பெயர்கள் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோதல் இயல்பன்றோ?

ஆதலின், பள்ளிதோறும் தமிழ் வகுப்பிற்கென ஒரு பாத்தி இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. 'தோட்டம் அறிவியல் ஆசிரியர்க்கு உரியது. தமிழாசிரியருக்கு மண்வெட்டி எதற்கு?' என்று சிலர் கேட்பர். மண்வெட்டி பிடித்தவர் தந்த சொற்களைக் கற்பிப்பவர், அம்மண்ணை ஒருமுறையேனும் தொட்டுப் பார்த்தல் இழுக்காகாது. அங்கே அகராதி பொய்க்காது. அங்கேதான் அது மெய்யாகும்.

மாணவர்களே, உங்கள் ஆசிரியரிடம் வினவுவதற்கு அஞ்சாதீர்கள். விடை கிடைக்காதபோது வருந்தி அமர்ந்துவிடாதீர்கள். ஒரு விதையை ஊன்றிப் பாருங்கள். அன்று என்னை வினவிய மாணவன் இன்று எவ்வூரில் உள்ளானோ, அறியேன். அவன் ஒரு நாள் என் வீட்டிற்கு வருவானாயின், அவன் கையைப் பற்றிப் பந்தலின் கீழ் அழைத்துச் செல்வேன். அவனுக்கு நான் தரவேண்டிய விடை அங்கே மலர்ந்திருக்கும்.