பிறந்த மண்ணில் அந்நியரா?

2024 அக்டோபர் 17-ஆம் தேதி மலேசிய மக்களவையில் நிறைவேறிய அரசியல் சாசனத் திருத்தத்தை, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தந்தைவழி மட்டுமே சித்தித்துவந்த பிரஜாவுரிமை இனித் தாய்வழியும் கிட்டும் என்பதற்காகப் பலரும் பாராட்டினார்கள். அந்தப் பகுதி நியாயமானதே. ஆனால், அதே மசோதாவில் நிரந்தரவாசிகளைக் குறித்த சொற்களை இரண்டாம் அட்டவணையிலிருந்து அகற்றியதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பெற்றோரில் ஒருவரேனும் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், இங்கே பிறந்த குழந்தை பிறவியிலேயே பிரஜை என்பது அதுவரை இருந்த விதி. ஜொகூரின் பத்து பாகாட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் முதுகு வளைந்து, நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அட்டையோடே ஆயுளைக் கழித்த தோட்டத்து மனிதருக்கு, தம் பிள்ளையாவது பிரஜைக்குரிய நீல அட்டை பெறுவான் என்ற ஒரே ஆறுதலைத் தந்தது அந்த விதிதான்.

இனி இதன் பாரம் யார் தலையில் விழும்? நிர்க்கதியான பிள்ளைகளை ஏற்று வளர்க்கும் அன்பு இல்லங்களின் தலையில்தான். தாய் தந்தை இறந்தோ பிரிந்தோ போனபின் வந்துசேரும் பிள்ளைக்குச் சோறும் துணியும் தேடுவதைவிட, பிறப்புப் பத்திரம் தேடுவதே இல்லத்தினருக்குப் பெரும்பாடு. தேடிப் பிடித்த பத்திரத்தில், குடியுரிமைக்குரிய கட்டத்தில் 'புக்கான் வார்கநெகாரா' (பிரஜை அல்லர்) என்று அச்சாகியிருந்தால், ஆஸ்பத்திரியில் அந்நியருக்குரிய கட்டணம். பள்ளியில் சேரத் தனி அனுமதி. வளர்ந்து இல்லத்தை விட்டு வெளியேறும்போது வாகன உரிமம் இல்லை, முறையான உத்தியோகம் இல்லை. தர்மவான்கள் தரும் அரிசியும் பருப்பும் பசியை ஆற்றும். பதிவிலாகாவின் முத்திரைக்கு அவை ஈடாகா. ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் விண்ணப்பிக்க 21 வயதுவரை இருந்த காலக்கெடுவையும் இதே திருத்தம் 18 ஆகச் சுருக்கிவிட்டது. கோப்பு நகராமல் கிடப்பது இலாகாவில். தண்டனை மட்டும் பிள்ளைக்கா?

இந்த அதிகார பீடத்தின் பூர்வ சரித்திரம் நாம் அறியாததன்று. பெற்றோர் இன்னார் எனத் தெரியாத, தெருவோரத்தில் கண்டெடுக்கப்பட்ட சிசுக்களின் உரிமையிலேயே இத்திருத்தத்தில் முதலில் கைவைக்கப் பார்த்தார்கள். பொதுமக்கள் கொதித்தெழுந்த பிறகே 2024 மார்ச்சில் அதைக் கைவிட்டார்கள். 1969-க்குப் பின் பிரஜையல்லாதோருக்கு வேலைப் பெர்மிட் விதியைக் கொண்டுவந்து, ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளரை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். 2011-இல் ஆவணமற்ற இந்தியரைப் பதிவதாகச் சொல்லி 'மைடஃப்தார்' என்று ஆரவாரமாக முகாம் போட்டுப் படிவம் வாங்கினார்கள். 2018-இல் எதிரணியினரும் நாடற்ற இந்தியரின் பிரச்சினையைத் தீர்ப்பதாக 100 நாள் கெடு கூறி வாக்குக் கேட்டார்கள். கெடுக்கள் கழிந்தன, சிவப்பு அட்டைகள் கழியவில்லை. வாக்குறுதியை மறப்பதில் காட்டும் சாமர்த்தியத்தை, உரிமையைப் பறிப்பதிலும் இப்போது காட்டியிருக்கிறார்கள்.

அநாதைப் பிள்ளைகளுக்குக் கருணை காட்டவேண்டிய தேசங்கள் என்று ஆப்பிரிக்காவுக்கு உண்டியல் குலுக்கும் நாம், அக்கண்டத்தின் கென்யாவைச் சற்றே பார்க்கவேண்டும். மொசாம்பிக்கிலிருந்து சீசல் கற்றாழைத் தோட்டங்களுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் கூலிகளாக வந்த மகொண்டே மக்கள், தலைமுறை தலைமுறையாக நாடற்றவராகக் கிடந்து, 2016-இல் நைரோபிக்கு நடந்தே புறப்பட்டார்கள்; மனித உரிமை அமைப்புகள் உடன் நின்றன; அரசு அவர்களைப் பிரஜைகளாக ஏற்றது. நம் தோட்டத்து மக்களின் கதையும் அதே கதைதான். அங்கே கதவு திறந்தது. இங்கே திறந்திருந்த கதவையும் சாத்துகிறார்கள்.

ஆகவே, இத்திருத்தம் மறுபரிசீலனைக்கு உள்ளாகவேண்டும்; இல்லங்களில் வளரும் பிள்ளைகளின் விண்ணப்பங்களுக்கு மனிதாபிமானமுள்ள ஒரு மார்க்கம் விரைவில் காணப்படவேண்டும். மக்களவையில் கைதூக்கிய நம் பிரதிநிதிகள் இனியும் மௌனம் சாதித்தால், அந்த மௌனத்தைச் சம்மதமென்றே கொள்வோம். இம்மண்ணில் பிறந்த குழந்தையை அந்நியனாக்கும் அதிகாரத்தை இந்நாட்டு மக்கள் எவருக்கும் வழங்கவில்லை.