அந்த 'ங்க' எங்கே போச்சு?

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கடிதம். 'பேர் போட வேண்டாம்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். தினமும் பஸ் பிடித்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வருகிறவர். ஒரு கம்பெனியின் ஃப்ரண்ட் ஆபீஸில் தற்காலிக உதவியாளர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் உருது. நாலும் தண்ணி பட்ட பாடு.

'ஆனா சார், ஃபாரின் விசிட்டர் வர்றாங்கன்னு கேட்லேர்ந்து போன் வந்தா வயித்தைக் கலக்குது. ஸ்டோர்ஸ்ல வேலை இருக்கிற மாதிரி நழுவிடறேன். அடுத்த மாசம் இந்த சீட்டுக்கு ஆளை நிரந்தரம் பண்ணப் போறாங்க. பெங்களூர்லேர்ந்து யாரையாவது கொண்டுவந்து உட்கார வெச்சிடுவாங்க போலிருக்கு. ஸ்போக்கன் இங்கிலீஷ் புஸ்தகம் ரெண்டு வாங்கியாச்சு. பிரயோஜனமில்லை. என்ன செய்யலாம்?'

வருஷா வருஷம் ஜவளகிரிக் காட்டு வழியாக யானைக் கூட்டம் வந்து ராகி வயலில் இறங்கும் ஊர்ப்பக்கம் அது. யானையைப் பார்த்துப் பழகிய ஆள், டை கட்டிய ஒரு ஜெர்மன்காரரைப் பார்த்து ஸ்டோர்ஸுக்குள் ஒளிகிறார்! பக்கத்துத் தளிக்குச் செல்லப் பேரே 'குட்டி இங்கிலாந்து'. (குளிருக்காக வந்த பேர். இங்கிலீஷுக்காக இல்லை.) ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்து, ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குப் போன ஒருவர், 1948-ல் கவர்னர் ஜெனரலாகி டெல்லி மாளிகையில் உலகப் பிரமுகர்களை 'வெல்கம்' சொல்லி வரவேற்றார். ராஜாஜிதான். ஆக, மண்ணிலோ தண்ணியிலோ கோளாறு இல்லை.

கோளாறு எங்கே என்றால், நம் ஆள் மனசுக்குள் மரியாதையான தமிழில் பேசுகிறார். வாயில் அது அப்படியே இங்கிலீஷாக மாறும்போது மரியாதை மட்டும் வழியில் இறங்கிவிடுகிறது.

தமிழில் மரியாதை என்பது வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. 'வா' என்றால் தம்பி, 'வாங்க' என்றால் விருந்தாளி. தெலுங்கில் 'ரா', 'ரண்டி'. கன்னடத்தில் 'பா', 'பன்னி'. (மதுரையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவரை ஒரு கன்னடக்காரர் வாய் நிறைய 'பன்னி, பன்னி' என்று வரவேற்றால் என்ன ஆகும் என்பதை ஓசூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) இங்கிலீஷில் 'கம்'முக்கு வால் கிடையாது. நாய்க்குட்டிக்கும் கம், நகராட்சித் தலைவருக்கும் கம். அப்படியானால் அந்த 'ங்க' எங்கே போச்சு? வாக்கியத்தின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. 'ப்ளீஸ்', 'மே ஐ', 'குட் யூ', 'வுட் யூ லைக்' எல்லாம் வேறொன்றுமில்லை, நம்ம 'ங்க'தான். ஊர் மாறியதும் வேஷ்டியிலிருந்து பேண்ட்டுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது பாருங்கள். 'உட்காருங்க' என்று நினைத்துக்கொண்டு 'சிட்' என்கிறோம். அது வாத்தியார் பையனுக்குச் சொல்வது. 'ப்ளீஸ் ஹேவ் எ சீட்' என்றால் 'ங்க' வந்துவிட்டது. 'நீங்க யாருங்க?' என்பது நம்மிடம் எவ்வளவு பவ்யமான கேள்வி! அதையே 'ஹூ ஆர் யூ?' என்றால் ராத்திரி ரோந்து போகிற ஏட்டு டார்ச் அடித்துக் கேட்பது போல இருக்கும். 'மே ஐ ஹேவ் யுவர் நேம், ப்ளீஸ்?' போதும். 'குட் நேம்' வேண்டாம். அது ஹிந்தியின் 'சுப நாமம்' வேஷம் கட்டி வந்தது. கெட்ட நேம் என்று தனியாக எதுவும் அவரிடம் இல்லை. 'என்ன விஷயமா வந்தீங்க?' என்பதற்கு 'வாட் இஸ் த மேட்டர்?' என்றால் மனுஷர் தன் சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறதென்று குனிந்து பார்ப்பார். 'ஹௌ மே ஐ ஹெல்ப் யூ?' என்று கேளுங்கள். 'ஹூம் ஆர் யூ ஹியர் டு மீட்?' என்பதும் சரி.

'ஹௌ ஆர் யூ?' என்று அவர் கேட்டால் மாமியாரின் முழங்கால் வலி வரை போக வேண்டாம். 'ஃபைன், தாங்க் யூ. ஹௌ ஆர் யூ?' அதோடு சரி. இதெல்லாம் யாரோ ஒருவர் ஆரம்பித்து வைத்து எல்லோரும் பழகிக்கொண்ட சடங்குதான். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், அதை எடுத்ததும் கப்பல்காரர்கள் மாதிரி 'அஹாய்' சொல்லலாம் என்றார். எடிசன் 1877-ல் 'ஹலோ' என்று எழுதினார். எடிசன் ஜெயித்தார். இல்லாவிட்டால் இன்றைக்கு சிப்காட் பூராவும் 'அஹாய், யாரு பேசறது?' என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

டீ விவகாரம் கொஞ்சம் ஆபத்தானது. நம்மிடம் 'டீ சாப்பிடறீங்களா?' என்றால் வந்தவர் 'வேண்டாங்க' என்பார். அது வேண்டாம் இல்லை. இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை 'சரி, அரை டம்ளர்' என்பார். வெளிநாட்டுக்காரர் 'நோ, தாங்க் யூ' என்றால் முதல் தடவையே நிஜமாக நோ. 'வுட் யூ லைக் சம் டீ ஆர் காஃபி?' என்று ஒரு தடவை கேளுங்கள், மறுத்தால் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். துரத்தித் துரத்தி உபசரித்தால் பயந்துவிடுவார். குடித்துவிட்டு 'தாங்க் யூ' என்றால் 'யூ ஆர் வெல்கம்'. அந்தக் காலத்து 'மென்ஷன் நாட்' இனி வேண்டாம்.

மேனேஜர் ஊரில் இல்லையா? 'சார் இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்றால் எந்த ரயில்வே ஸ்டேஷன் என்று யோசிப்பார். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வேலை பார்த்த ஊர்தான் 'ஸ்டேஷன்'. அவர்கள் கப்பலேறிய பிறகும் வார்த்தையை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். 'ஹி இஸ் அவுட் ஆஃப் டவுன் டுடே' போதும். மீட்டிங்கில் இருந்தால் 'டூ மினிட்ஸ் சார்' என்று சொல்லிவிட்டு நாற்பது நிமிஷம் உட்கார வைக்காதீர்கள். டைட்டன் வாட்ச் செய்கிற ஊர், மானம் போகும். இருபது நிமிஷம் ஆகுமென்றால் 'அபவுட் ட்வென்டி மினிட்ஸ்' என்றே சொல்லுங்கள், கோபப்பட மாட்டார். இன்னொன்று, தலையாட்டல். நாம் 'சரி' என்று இடமும் வலமுமாக ஆட்டுவது அவர்களுக்கு 'இல்லை' மாதிரி தெரியும். தலை ஆடினாலும் வாய் 'யெஸ்' சொல்லட்டும்.

இதில் பெரிய ரகசியம் ஒன்று உண்டு. ஓசூருக்கு மெஷின் மாட்ட வருகிற ஜெர்மன்காரருக்கும், ஆடிட் பண்ண வருகிற ஜப்பான்காரருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. அவர்களும் புஸ்தகத்தில் படித்தவர்கள்தான். உங்கள் வாய் தந்தியடிக்கும்போது அவர் மனசும் 'இஸ்'ஸா 'வாஸ்'ஸா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. மெதுவாகப் பேசுங்கள். புரியாவிட்டால் 'யெஸ் யெஸ்' என்று சமாளிக்காமல் 'சாரி, குட் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்?' என்று கேளுங்கள். ஜப்பான்காரர் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டினால் நீங்களும் இரண்டு கையால் வாங்குங்கள். வெற்றிலை பாக்குத் தட்டு வாங்கிய கை, பழக்கம்தானே!

நிரந்தரம் பண்ணும் இன்டர்வியூவுக்கு ஒரு யோசனை. 'தெரிந்த மொழிகள்' என்ற கட்டத்தில் தமிழ் என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். நாலையும் எழுதுங்கள். ஓசூர் கம்பெனி வாசலுக்கு வருகிற பத்துப் பேரில் எத்தனை பேர் வெளிநாட்டுக்காரர்? பெங்களூர் சப்ளையரும், ஆந்திர லாரி டிரைவரும், ராயக்கோட்டைக் கான்ட்ராக்டரும்தானே அதிகம். இவர்களிடம் உங்களைவிட நன்றாகப் பேச யார் இருக்கிறார்கள்? ஐந்தாவதாக 'இங்கிலீஷ் - வரவேற்புக்குப் போதுமான அளவு' என்று தைரியமாகச் சேருங்கள். மேலே சொன்ன வாக்கியங்கள் மொத்தம் ஒரு டஜன் தேறும். பஸ் ஓசூர் போய்ச் சேர்வதற்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிடலாம். உரக்கச் சொல்லுங்கள், கண்டக்டர் ஒன்றும் நினைக்க மாட்டார்.

கடைசியாக, வழியனுப்புவது. 'போ' என்று சொன்னால் அபசகுனம் என்று 'போயிட்டு வாங்க' என்கிறோம். அதை 'கோ அண்ட் கம்' என்றால், எங்கே போய்விட்டு எப்போது திரும்பி வர வேண்டும் என்று தெரியாமல் ஆள் நின்றுவிடுவார். 'தாங்க் யூ ஃபார் கமிங். ஹேவ் எ சேஃப் ஜர்னி' என்றால் கிளம்பிவிடுவார். சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ளே வருகிறவருக்கு 'குட் ஈவினிங்'. 'குட் நைட்' வெளியே போகிறவருக்கு மட்டும். பெங்களூர் ஏர்போர்ட்டுக்குப் போகிறவரானால் 'ப்ளீஸ் ஸ்டார்ட் எர்லி' என்று ஒன்று கூடுதலாகச் சொல்லி வையுங்கள். அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு எல்லாம் தாண்டி அவர் பிளேனைப் பிடித்துவிட்டால், ஆயுசுக்கும் உங்களை மறக்க மாட்டார்.