நின்றுபோன திரையில் எந்த மொழியில் கேட்பது?

எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பர் 13 தேதியிட்டு அரசிதழில் வந்துவிட்டன. அறிவிப்பு, பாதுகாப்பு, தரவு அழிப்பு பற்றிய விதிகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். செயலி உருவாக்கும் நம் தொழிலில் பலர் அதற்குள் ஒரு முடிவு கட்டிவிட்டார்கள்: செயலி நின்றுபோகும்போது தானாக அனுப்பும் கிராஷ் அறிக்கை வெறும் தொழில்நுட்பத் தரவு, அதற்குப் பயனரிடம் ஒப்புதல் கேட்கத் தேவையில்லை. இந்த முடிவு தவறு என்பது இவ்விதழின் நிலைப்பாடு.

ஒரு தரவைக் கொண்டோ அதன் தொடர்பிலோ ஒருவரை அடையாளம் காண முடிந்தால் அது தனிநபர் தரவு என்கிறது இவ்விதிகளுக்கு அடிப்படையான 2023ஆம் ஆண்டுச் சட்டம். நிரல் எந்த வரியில் நின்றது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸ் மட்டும் போனால் அதில் ஆள் இல்லை என்று வாதாடலாம். நாம் அனுப்புவது அது மட்டுமா? இன்ஸ்டலேஷன் எண் போகிறது. பல செயலிகளில் பயனர் எண்ணையும் நாமே சேர்த்து அனுப்புகிறோம். எந்தத் திரையிலிருந்து எந்தத் திரைக்குப் போனார், எதைத் தொட்டார் என்று பிரெட்கிரம்ப் வரிசையாகச் சொல்கிறது. மினிடம்ப் என்றால் த்ரெட்களின் ஸ்டாக் நினைவகமும் கூடவே போகும். கடவுச்சொல்லோ டோக்கனோ அந்த நேரத்தில் அங்கே கிடந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

பயனர் தானாக முன்வந்து தந்த தரவுக்கு ஒப்புதல் வேண்டாம் என்னும் பிரிவு 7(அ)வைச் சிலர் காட்டுகிறார்கள். செயலி தானாக அனுப்பியதைப் பயனர் தானாகத் தந்தார் என்று எப்படிச் சொல்வது? ஐரோப்பியச் சட்டத்தில் உள்ள ‘நியாயமான நலன்’ என்ற வாசலும் நம் சட்டத்தில் கிடையாது. கிராஷ் சேவையை வெளிநாட்டு நிறுவனம் நடத்தினாலும் பொறுப்பு நம்முடையதே. பாதுகாப்பில் தவறினால் தண்டத்தொகை 250 கோடி ரூபாய் வரை போகலாம். பயனர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் சில விதிவிலக்குகள் தவிர நடத்தையைக் கண்காணிப்பதே தடை. கல்விச் செயலி செய்பவர்கள் தங்கள் பிரெட்கிரம்பை இன்றே திறந்து பார்க்கட்டும்.

இது கற்பனைப் பயமில்லை. விண்டோஸ் பிழை அறிக்கைகளை அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ வழியிலேயே பிடித்துப் படித்ததை 2013 டிசம்பரில் டெர் ஸ்பீகல் வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் கையொப்பச் சாவி திருடுபோனதற்கு 2021இல் உண்டான ஒரு கிராஷ் டம்ப் காரணமாக இருக்கலாம் என்று அந்நிறுவனமே 2023 செப்டம்பரில் எழுதியது. சாவி இருந்த டம்ப் கிடைக்கவில்லை என்று அடுத்த மார்ச்சில் திருத்தம் போட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே தன் டம்பில் என்ன இருந்தது என்று சொல்ல முடியவில்லை.

இந்திய மொழி மென்பொருள் செய்யும் நமக்கு இதில் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. இவ்விதழ் நெடுநாளாகச் சொல்லிவருவதும் அதையே. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன் செயலிகளை அடுத்தடுத்து நிறுத்தியது, ஐஓஎஸ் 11.2.6 வந்த பிறகே அது தீர்ந்தது. நம் எழுத்துகளில் கிராஷ் இப்படித்தான் வரும். ‘ஸ்ரீ’ கண்ணுக்கு ஒன்று, யூனிகோடில் நான்கு குறியீடுகள். வெட்டக் கூடாத இடத்தில் எழுத்துச் சரத்தை வெட்டினால் செயலி தடுமாறும். அதை மறுபடி உண்டாக்கிப் பார்க்க வேண்டுமென்றால் பயனர் எழுதிய அதே சரம் வேண்டும். ஆகவே டெவலப்பர் அந்தச் சரத்தையே லாகில் எழுதிவைக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விசைப்பலகைச் செயலியின் கிராஷ் டாஷ்போர்டைப் பார்க்க நேர்ந்தது. ஒரு பெண் தன் தங்கைக்கு மருத்துவமனையிலிருந்து எழுதிய இரண்டு வரி அதில் முழுதாக இருந்தது. அவர் அதை யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே செயலி நின்றுவிட்டது. அவர் அனுப்பாத செய்தியை நாங்கள் படித்தோம். வடிகட்டி இருந்தது, கடவுச்சொல் என்ற பெயருள்ள புலத்தையும் பதினாறு இலக்கக் கார்டு எண்ணையும் மறைத்தது. தமிழ் வாக்கியத்தில் மறைக்க வேண்டியது என்ன என்று அதற்குத் தெரியவில்லை.

இந்தப் பெண்ணிடம் ஒப்புதல் கேட்டிருந்தால் எந்த மொழியில் கேட்டிருப்போம்? அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தர வேண்டும் என்கிறது சட்டம். மைசூரின் தேவராஜா மார்க்கெட்டில் பூக்கடைக் கணக்கைச் செயலியில் போடுகிறவரின் வீட்டு மொழி கன்னடமாக இருக்கும், தமிழாக, உருதாக, தெலுங்காக இருக்கும். நின்றுபோன திரையில் இரண்டு விநாடி தோன்றும் ஆங்கிலப் பெட்டியை அவர் மூடத்தான் தொடுவார். அந்தத் தொடுகையை ஒப்புதல் என்று எழுதிக்கொள்வது பொய்க்கணக்கு.

இதற்கு அரசு என்ன உதவி செய்தது? 22 மொழியில் அறிவிப்பு கேட்கும் சட்டத்தின் விதிகளே அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வந்தன. ஏழு அட்டவணைகள் இருக்கின்றன. ஒன்றிலும் மாதிரி அறிவிப்பு இல்லை. கலைச்சொல் பட்டியலும் இல்லை. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் மைசூரின் மானசகங்கோத்ரி வளாகத்தில் இருக்கிறது; தேசிய மொழிபெயர்ப்பு இயக்கமும் அங்கேயே இயங்குகிறது. மானசகங்கோத்ரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்க வேண்டிய வேலையை 22 மொழியிலும் தனித்தனியாகச் செய்துகொள்ளும்படி நான்கு பேர் கொண்ட நிறுவனங்களின் தலையில் கட்டுவது நியாயமா?

சேகரிப்பைக் குறை என்று சொல்லும் அரசின் அதே கை, சேர்த்துவை என்றும் சொல்கிறது. கிராஷ் அறிக்கைச் சேவையான கிராஷ்லிட்டிக்ஸ் தன்னிடம் உள்ள ஸ்டாக் டிரேஸை 90 நாள் வைத்திருக்கும். அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 ஆணையில் கணினி லாகுகளை 180 நாள் வைக்கச் சொன்னது. இப்போது விதி 8(3), தனிநபர் தரவையும் அதைக் கையாண்ட லாகுகளையும் குறைந்தது ஓராண்டு வைக்கச் சொல்கிறது. வைப்பது பயனருக்காக இல்லை, அரசு கேட்டால் கொடுக்க. கேட்டதைப் பயனரிடம் சொல்லாதே என்றும் அரசு ஆணையிட முடியும். கிராஷ் பதிவு இந்த லாகுகளில் சேருமா என்பதற்கு விதியில் தெளிவான பதில் இல்லை. விதிகள் வந்து இரண்டு வாரத்தில், நவம்பர் 28 அன்று, சஞ்சார் சாத்தி என்னும் அரசுச் செயலியை எல்லாப் புதிய போனிலும் ஏற்றித்தர வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் டிசம்பர் 3 அன்று திரும்பப் பெற்றது. ஒப்புதலைப் பற்றி நமக்குப் பாடம் சொல்பவர்கள் முதலில் தாங்கள் அதைக் கேட்டுப் பழகட்டும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன வழக்கு நீதியரசர் கே. எஸ். புட்டசாமியின் பெயரில் இருக்கிறது. அவர் மைசூர் மகாராஜா கல்லூரியில் படித்தவர். அந்தத் தீர்ப்பு நம் வேலைமேசைக்கு வந்து சேர ஒரு விதியும் ஒரு தேதியும் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

ஆகவே 2027 மே வரை காத்திருக்க வேண்டாம். தானியங்கிச் சேகரிப்பை மேனிஃபெஸ்டிலேயே அணைத்துவையுங்கள். பயனர் ‘சரி’ என்ற பிறகு இயக்குங்கள். பயனர் எழுதிய சரத்தை லாகில் எழுதாதீர்கள். எழுத்துப் பிழை என்றால் நீளத்தையும் குறியீட்டு வகைகளையும் மட்டும் அனுப்பினாலே பெரும்பாலும் போதும். எக்ஸெப்ஷன் செய்தியையும் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்: ஜாவாவில் எண்ணாக மாற்ற முடியாத சரத்தை அந்தச் செய்தியே ஒப்பித்துவிடும். சேர்க்காத தரவை ஓராண்டு வைத்திருக்கும்படி எந்த விதியும் கேட்க முடியாது.

அறிவிப்புக்கு இவ்விதழின் முன்மொழிவு இது: “செயலி திடீரென்று நின்றுவிட்டது. ஏன் என்று கண்டுபிடிக்கக் கீழே உள்ள விவரங்களை எங்களுக்கு அனுப்பலாமா? நீங்கள் எழுதிய எதுவும் இதில் இல்லை.” கடைசி வாக்கியம் உண்மையான பிறகு மட்டும் இதை எடுத்துப் பயன்படுத்துங்கள். கன்னடத்திலும் உருதுவிலும் தெலுங்கிலும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அச்சிடுகிறோம்.